தொட்டுப் பார்க்க விட்டவர்களுக்கு

கோலசிலாங்கூரிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் புக்கிட் ரோத்தானிலும் உலு சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் வாழ்கிற அம்மாமார்களே, ஐயாமார்களே, அண்ணன்மார்களே,



உங்கள் பக்கத்துக் கிளினிக்கில் உட்கார்ந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எழுதித் தருகிற மருத்துவர் நான். முதுகுவலி, கழுத்துவலி என்று வந்த உங்களில் பலரைக் கொஞ்ச காலமாகக் கட்டிலில் படுக்கச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்து, "இப்போ என் கையை மெதுவா தள்ளுங்க... போதும், விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது என்ன வைத்தியம் என்று கேட்டீர்கள். வெளியே எண் வாங்கிக் காத்திருப்பவர்கள் நினைவுக்கு வரவே, ஒரு வரியில் ஏதோ சொல்லி அனுப்பினேன். முழுப் பதிலையும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியையும் இங்கே எழுதுகிறேன். யாருடைய கதை என்று யாருக்கும் தெரிந்துவிடாதபடி ஊரையும் அடையாளத்தையும் சற்று மாற்றியிருக்கிறேன். தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று யாருக்காவது தோன்றினால், ஆமாம், உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

இந்த முறைக்கு ஆஸ்டியோபதி கைமுறை மருத்துவம் என்று பெயர். இதைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். அவருடைய அப்பா கிறிஸ்தவப் போதகர், வைத்தியமும் பார்த்தவர். 1864இல் மூளைச்சவ்வுக் காய்ச்சல் ஸ்டிலின் பிள்ளைகள் மூவரைக் கொண்டுபோயிற்று. பாதரசம் கலந்த மருந்தைக் கொடுப்பதும் ரத்தத்தை வடிய விடுவதும் வைத்தியமாக இருந்த காலம். தான் கற்ற எதுவும் தன் பிள்ளைகளுக்கு உதவவில்லை என்ற துயரத்தோடு அவர் எலும்பையும் தசையையும் மூட்டையும் மறுபடி முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தார். 1874இல் தன் வழியை ஊரறியச் சொன்னார். 1892இல் மிசூரி மாநிலத்துக் கெர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் கல்லூரி திறந்தார். அதன் முதல் வகுப்பிலேயே பெண்களும் படித்தார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்காவில் அந்த வழியில் படித்து வருகிறவர்கள் இன்று முழு மருத்துவர்கள். மருந்து எழுதுவார்கள், அறுவை செய்வார்கள், தேவைப்பட்டால் கையாலும் சிகிச்சை தருவார்கள். பிரிட்டனில் அது தனித் தொழில். 1993இல் அதற்கென்றே சட்டம் வந்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, ஏற்றுக்கொண்ட துறைகளில் மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்களோடு ஆஸ்டியோபதியும் இருக்கிறது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஆஸ்டியோபதி மருத்துவர் இல்லை. மருத்துவர்களுக்கான அடிப்படை வகுப்பில் கற்றுக்கொண்ட பொது மருத்துவர், அவ்வளவுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட பயிற்சி அளவுகோலின்படி, புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர் 4,200 மணி நேரம் படிக்க வேண்டும். அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். வாரக் கடைசிகளில் போய்க் கற்றவர்கள் ஆஸ்டியோபதி மருத்துவர் என்ற பட்டத்தைச் சூட்டிக்கொள்வது சரியில்லை. நான் கற்றது ஆரம்பப் பாடம். அந்த ஆரம்பப் பாடத்தை எனக்குப் பழக்கிவிட்டவர்கள் நீங்கள்.

வகுப்பில் முதலில் யார் முதுகிலும் கை வைக்க விடவில்லை. மேசையில் ஒரு தலைமுடியைப் போட்டு, மேலே ஒரு தாளை மூடி, கண்ணை மூடிக்கொண்டு முடி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரல் நுனியால் தேடச் சொன்னார் ஆசிரியர். கண்டுபிடித்ததும் மேலே இன்னொரு தாள். பிறகு இன்னொன்று. அறை முழுக்க மருத்துவர்கள். எல்லாரும் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் படித்தே பழகியவர்கள். தாள் கூடக் கூட விரலை அழுத்தினோம். அழுத்த அழுத்த முடி மறைந்தது. லேசாக வைத்தவருக்கே தெரிந்தது. அதன் பிறகுதான் ஒருவர் முதுகை ஒருவர் தொட்டோம். நான்கு விஷயங்களைத் தேட வேண்டும் என்றார்கள்: தசையின் பதம் எங்கே மாறியிருக்கிறது, இடமும் வலமும் எங்கே ஒத்துப்போகவில்லை, அசைவு எங்கே முட்டி நிற்கிறது, எங்கே தொட்டால் நோகிறது. கேட்க எளிதாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த வகுப்பில் நாங்கள் தொட்டவை எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து படித்து வளர்ந்த உடம்புகள். ஒருவருக்கும் மற்றவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கழுத்தடியில் கொஞ்சம் இறுக்கம், கணினி பார்த்த தோள். உடம்பில் ஒரு வாழ்க்கை முழுதும் பதிந்திருக்கும் என்பதை நான் உங்களிடம் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

புக்கிட் ரோத்தான் பக்கத்து அம்மா, முதலில் உங்களுக்கு. பதினாறு வயதில் பால்மரம் சீவத் தொடங்கினேன் என்றீர்கள். இருட்டோடு எழுந்து, பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தவர். பட்டையை மேலிருந்து கீழே சரிவாகச் சீவ வேண்டும். புது மரத்தில் வெட்டு உயரத்தில் இருக்கும். வருசம் போகப் போக இறங்கி இறங்கி முழங்கால் அளவுக்கு வரும். அப்போது நீங்கள் குனிந்து, இடுப்பை ஒரு பக்கம் திருகி, சீவிக்கொண்டே மரத்தைச் சுற்றி நகர்வீர்கள். பிறகு மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் வைத்து ஸ்டோர் வரை நடை. மரம் விட்டு மரம், நாள் விட்டு நாள், ஒரே பக்கத் திருகல், ஒரே தோள்.

உங்களை நிற்க வைத்து, இடுப்புக்குப் பின்னால் குழி விழுகிற இரண்டு இடங்களுக்குக் கீழே என் கட்டைவிரல்களை வைத்தேன். "மெதுவா முன்னால குனிங்கம்மா" என்றேன். வகுப்பில் இதே சோதனையைச் செய்தபோது இரண்டு விரலும் ஏறக்குறைய சேர்ந்தேதான் மேலே போயின. எந்தப் பக்கம் முந்துகிறது என்று சொல்ல முடியாமல் நாங்கள் வாதாடினோம். உங்கள் இடுப்பில் வலக் கட்டைவிரல் உடனே மேலே ஏறியது. இடது அங்கேயே நின்றது. நீங்கள் நிமிர்ந்து, மறுபடி குனிந்து காட்டினீர்கள். அதேதான். உங்கள் வலத் தோள் இடத்தோளைவிடத் தாழ்ந்திருந்தது. கம்பு உட்கார்ந்த இடத்தில் தசை திரண்டு தடித்திருந்தது. மரம் சீவுவதை விட்டு இத்தனை வருசமாகியும் உங்கள் முதுகு இன்னும் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்கு நான் செய்தது தசைவிசை முறை என்று எங்கள் பாடத்தில் வருவது. ஃப்ரெட் மிட்செல் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தது. மூட்டை அது முட்டி நிற்கிற இடம் வரை கொண்டுபோக வேண்டும். அங்கே நோயாளி எதிர்ப்பக்கம் மெதுவாகத் தள்ள, நான் அசையாமல் தாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று முதல் ஐந்து நொடி. பிறகு இருவரும் விட்டுவிட வேண்டும். தசை தளர்ந்த அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் தூரம் போக முடியும். மூன்று, நான்கு முறை இப்படி. நெட்டி முறிப்பதும் இல்லை, சத்தமும் இல்லை. பாதி வேலையை நோயாளிதான் செய்கிறார். "மெதுவா தள்ளுங்க" என்றால் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் முழு பலத்தோடு தள்ளுவார்கள். என்னால் தாங்க முடியாது. அம்மா, நீங்களும் அப்படித்தான் தள்ளினீர்கள். சிரித்துக்கொண்டே, "எவ்வளவுன்னு சொல்லுடா கண்ணு" என்றீர்கள். "ஒரு விரலால கதவைத் தள்ற மாதிரி" என்றேன். அன்றிலிருந்து எல்லாரிடமும் அதையே சொல்கிறேன். அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது உங்களால்தான்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்தீர்கள். நான் விரலை வைத்து "இங்கயாம்மா?" என்றதும், "அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ, உள்பக்கமா" என்று என் கையைப் பிடித்து நகர்த்தி வைத்தீர்கள். உங்கள் தலைமுறையில் மருத்துவரின் கையை நகர்த்தி வைக்கிறவர்கள் அரிது. "வலிக்குதா?" என்றால் "பரவாயில்ல டாக்டர்" என்பதுதான் வழக்கமான பதில். துரை, கிராணி, கங்காணி, டிரஸ்ஸர் என்று தனக்கு மேலே இருந்த யாரிடமும் வலியைச் சொல்லிப் பழகாத தலைமுறை. வலியைச் சொன்னால் பேர் வெட்டுப்படும், கூலி குறையும். நீங்கள் என் கையை நகர்த்திய அந்த இரண்டு விரற்கடைத் தூரத்தில், நான் தேடிக்கொண்டிருந்த இறுக்கம் இருந்தது. புத்தகத்துப் படத்தில் அது வேறு இடத்தில் இருந்தது.

இனி செம்பனைக் காட்டு அண்ணனுக்கு.

அண்ணே, நீங்கள் வேலை பார்க்கிற பயிர் இந்த நாட்டில் வணிகப் பயிராக முதலில் வேரூன்றியது நம் மாவட்டத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் 1910களின் தொடக்கத்தில் கோலசிலாங்கூர் அருகே ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் செம்பனையை நட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் அது வணிகப் பயிராயிற்று; மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பிறகு அவர் எழுதிய மலாயா நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தென்னமரத்தில் நடவு நடந்த அதே 1917இன் டிசம்பரில்தான் அமெரிக்காவில் ஸ்டில் இறந்தார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு செய்திகள்தான். ஆனாலும் உங்கள் கழுத்தைத் தொடும்போதெல்லாம் இரண்டும் எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

மரம் வளர்ந்து பத்து மீட்டரைத் தாண்டிவிட்டால், நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி மட்டையையும் குலையையும் வெட்ட வேண்டும். கழியின் பாரம் முழுதும் தோளிலும் முன்கையிலும். தலை பின்னால் சாய்ந்தே இருக்கும். வெட்டின குலை தலையில் விழாமல் நகர வேண்டும். பிறகு பதினைந்து, இருபது கிலோ வருகிற குலையைக் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு, மேடும் பள்ளமுமான பாதையில் சாலையோரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் கழுத்தின் பின்பக்கத்தில், மண்டையோடு சேர்கிற இடத்தில், ஒரு புள்ளியைத் தொட்டதும் நீங்கள் துள்ளினீர்கள்.

அந்தப் புள்ளிக்கு என் பாடத்தில் ஒரு கதை உண்டு. 1955இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற ஆஸ்டியோபதி மருத்துவரிடம் ஒருவர் நிமிர முடியாமல் வந்தார். எந்த சிகிச்சையும் பலிக்கவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. குறைந்தபட்சம் வலி தெரியாமல் படுக்க ஒரு வாகு கண்டுபிடித்துக் கொடுப்போம் என்று ஜோன்ஸ் அவரை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்து, கடைசியில் விநோதமாக மடங்கிய ஒரு நிலையில் தலையணைகளைத் தாங்கலாக வைத்து விட்டுப் போனார். வேறொரு நோயாளியைப் பார்த்துத் திரும்பி வந்து எழுப்பியபோது அந்த மனிதர் நேராக நின்றார். அதைப் பின்பற்றி ஜோன்ஸ் பல ஆண்டுகள் உழைத்து ஒரு முறையை உருவாக்கி 1964இல் வெளியிட்டார். வலிக்கிற புள்ளியில் ஒரு விரல்; அந்த வலி முக்கால்வாசி குறைகிற நிலை வரும்வரை உடம்பை மெல்ல மடக்க வேண்டும்; அந்த நிலையில் தொண்ணூறு நொடி தாங்கிப் பிடிக்க வேண்டும்; பிறகு மிக மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இழுப்பது இல்லை, திருப்புவது இல்லை. உடம்பு போக விரும்புகிற பக்கமே போக விடுவது.

தொண்ணூறு நொடி நீளமானது என்று எனக்குக் காட்டியவர் நீங்கள், அண்ணே. உங்கள் தலை என் உள்ளங்கைகளில் கிடந்தது. என்னால் கணினியில் தட்ட முடியாது, மருந்துச் சீட்டு எழுத முடியாது, அடுத்த எண்ணைக் கூப்பிட முடியாது. நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினீர்கள். மழைக்காலத்தில் பழம் குறைந்தால் சம்பளம் எப்படிக் குறையும் என்பது. மகனுக்குத் தோட்ட வேலை வேண்டாம் என்று லோரி ஓட்ட அனுப்பியது. தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று மனைவி ராத்திரியெல்லாம் கேட்பது. பல் கடிப்பதால் தாடை வலிக்கிறது என்பதும் அந்தத் தொண்ணூறு நொடியில்தான் வந்தது. நாற்காலியில் எதிரே உட்கார்ந்து "வேற ஏதாச்சும் பிரச்சினை இருக்கா?" என்று நான் கேட்டபோதெல்லாம் இல்லை என்றவர் நீங்கள். விரலடியில் அந்தப் புள்ளி இளகத் தொடங்கியபோது உங்கள் குரலும் இளகியது. இரண்டில் எது முதலில் நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மற்ற நோயாளிகளிடமும், கையால் செய்ய எதுவும் இல்லாத நோய்க்கு வந்தவர்களிடமும்கூட, கொஞ்ச நேரம் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறேன். அந்தப் பழக்கத்துக்காக உங்களுக்கு நன்றி.

இந்தக் கலை எனக்குப் புதிதாக இருந்தது, உங்களுக்குப் புதிதில்லை. லயத்துக்கு ஒரு பாட்டி சுளுக்கு எடுக்கத் தெரிந்தவராக இருந்தார். கால் முன்னால் வரப் பிறந்தவரைக் கூப்பிட்டுக் காலால் தடவச் சொன்ன வழக்கத்தையும் நீங்கள் சொன்னீர்கள். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்று நூலில் எழுதி வைத்திருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. குமரிப் பக்கத்து ஆசான்கள் வர்மப் புள்ளிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டவர்கள். ஸ்டில் சொன்னதும் இவர்கள் சொன்னதும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். விளக்கங்கள் வேறு, பயிற்சி வேறு. ஆனால் ஒரு மருத்துவர் தொட்டுப் பார்ப்பதை உங்களால் சட்டென்று ஏற்றுக்கொள்ள முடிந்ததற்கு அந்தப் பாட்டிகளும் ஆசான்களும் காரணம். அவர்கள் பழக்கி வைத்த நம்பிக்கையில் எனக்கும் பங்கு கிடைத்தது.

தோட்டத்து டிரஸ்ஸர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1965இல் வந்த தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் அவர்கள் தொழிலுக்கு ஒரு முறையான இடம் தந்தது. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் பிரசவம், பாம்புக்கடி, கையில் இறங்கிய அரிவாள் என்று எல்லாவற்றுக்கும் முதலில் ஓடி வந்தவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஓய்வுபெற்ற ஒருவர், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், என்னிடம் சொன்னார்: முதுகுவலி என்று வருகிறவனை முதலில் வாசலிலிருந்து மேசை வரை நடக்க விட்டுப் பார்ப்பேன், பாதி அங்கேயே தெரிந்துவிடும். அதனால்தான் இப்போது உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்து கதவருகே வந்து நிற்கிறேன்.

ஈஜோக் பக்கத்து ஐயாவுக்கு நான் எழுதுவது வேறு விதமான நன்றி. யாரோ சொல்லி, "அந்த டாக்டரம்மா கையால எடுத்துவிடுவாங்க" என்று நம்பி வந்தீர்கள். முதுகு பல மாதமாக வலிக்கிறது என்றீர்கள். நான் கேட்கக் கேட்க, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, தொளதொளத்துப்போன கால்சட்டை எல்லாம் வெளியே வந்தன. முதுகெலும்பின் ஒரே இடத்தில் மெல்லத் தட்டியதும் முகம் சுளித்தீர்கள். நான் கையை எடுத்துவிட்டேன். "எடுத்து விடுங்க டாக்டர், அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கேன்" என்று மறுபடி மறுபடி கேட்டீர்கள். நான் தொடவில்லை. எக்ஸ்ரேக்கும் மருத்துவமனைக்கும் எழுதித் தந்தேன். முதுகெலும்பில் காசநோய். கோபத்தோடு போனவர், மருந்து எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தீர்கள். அன்று கோபத்தோடாவது போய் எக்ஸ்ரே எடுத்தீர்களே, அதற்குத்தான் என் நன்றி. என் பேச்சைத் தட்டிவிட்டு வேறெங்காவது போய் முதுகை முறித்துக்கொண்டிருக்கவும் முடியும்.

இதை எல்லாரும் மனத்தில் வையுங்கள். முதுகுவலியோடு காலில் பலம் குறைந்தால், இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போனால், சிறுநீர் வர மறுத்தாலோ தெரியாமல் போனாலோ, யாரிடமும் உருவிக்கொள்ளாமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்; கோலசிலாங்கூர்ப் பக்கத்தவர்களுக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை பக்கம். காய்ச்சல், மெலிவு, பழைய புற்றுநோய், விழுந்து அடிபட்டது, எலும்பு தேய்ந்து இளைத்தது என்று ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கழுத்தைச் சடக்கென்று திருப்புவதை நான் யாருக்கும் செய்வதில்லை. கழுத்தெலும்பின் ஓரமாக மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் இருக்கிறது. அது கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் ஒரு கழுத்துவலிக்காக அந்த அபாயத்தை உங்கள் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை.

இது எவ்வளவுக்குப் பலன் தரும்? அளவாகத்தான். 1999இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, கீழ்முதுகு வலிக்காரர்களைப் பன்னிரண்டு வாரம் கவனித்தது. கைமுறை சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். ஆனால் முதல் பிரிவினருக்கு மாத்திரை குறைவாகவே தேவைப்பட்டது. 2021இல் பிரான்சில் 400 பேரை வைத்துச் செய்த ஆய்வில், உண்மையான சிகிச்சைக்கும் சிகிச்சை போலத் தொட்டதற்கும் இருந்த வித்தியாசம் சிறியது. அன்றாட வாழ்வில் உணரும் அளவுக்கு இருக்குமா என்பதே ஐயம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். சர்க்கரையை இது குறைக்காது. தேய்ந்த முழங்காலை வளர்க்காது. மண்டையோட்டு எலும்பை நகர்த்தி எல்லா நோயும் தீர்ப்போம் என்று சொல்லும் கிளையை நான் நம்பவில்லை, கற்கவும் இல்லை. வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் சிறுநீரகம் கெடும் அபாயம் உள்ள, ஏற்கெனவே சர்க்கரையும் அழுத்தமும் உள்ள ஓர் அம்மாவுக்கு, வாரத்தில் இரண்டு மாத்திரையாவது குறைகிறது என்றால் அது எனக்குப் போதும். அதோடு வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியைச் செய்தால்தான் அந்தப் பலன் நிற்கும். செய்தவர்களுக்கும் நன்றி. செய்யாமலேயே "செஞ்சேன் டாக்டர்" என்றவர்களுக்கும் என்மேல் வைத்த அன்புக்காக நன்றி. ஆனால் அதை இனியாவது செய்யுங்கள்.

அக்காமாரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உதிரிப் பழம் பொறுக்கக் குந்திக் குந்தி இடுப்பு பிடித்துக்கொண்ட, மருந்து டாங்கியை முதுகில் சுமந்து தோள் வெட்டுப்பட்ட நீங்கள், சட்டையைக் கழற்றத் தயங்கினீர்கள். தயங்க வேண்டியதே இல்லை. கைலிக்கும் சட்டைக்கும் மேலேயே தொட்டு அறிந்துகொள்ள முடியும். முடியை மூடிய தாள்களில் நான் அதைத்தான் பழகினேன். ஒவ்வொரு முறையும் எங்கே தொடப்போகிறேன், ஏன் என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன், தாதி பக்கத்தில் இருப்பார். "இன்னைக்கு வேணாம்" என்றால் விட்டுவிடுவேன். அப்படி "வேணாம்" என்று ஒரு நாள் சொல்லி, அடுத்த மாதம் தானாகவே கட்டிலில் வந்து படுத்த அக்காவிடம்தான் நான் பொறுமையைக் கற்றேன்.

இப்போது செம்பனைக் காடுகளில் கழி பிடிப்பவர்களில் பலர் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தம்பிகள். உங்களில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் போய்விட்டீர்கள். அந்தத் தம்பிகளோடு எனக்குப் பொதுமொழி அரைகுறை மலாய்தான். ஆனால் அவர்கள் கழுத்தில் அதே இடத்தில் அதே புள்ளி. உங்களிடம் கற்றதால் நேராக அங்கே விரல் போகிறது. அவர்கள் ஆச்சரியத்தோடு என்னைப் பார்க்கிறார்கள். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ சமூகப் பாதுகாப்பு உண்டு. வேலையால் வந்த வலி என்று எனக்குத் தெரிந்தால் எழுதித் தருகிறேன். பக்கத்து வரிசையில் அப்படி ஒரு தம்பி முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விரைவில் இளம் மருத்துவர்கள் சிலர் என்னோடு உட்கார்ந்து இதைப் பழகப் போகிறார்கள். நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். ஆனால் தோட்டத்தைப் பள்ளிப் பேருந்தின் சன்னலிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். எனக்குக் கொடுத்ததைப்போல அவர்களுக்கும் உங்கள் முதுகைக் கொடுங்கள். "எவ்வளவுன்னு சொல்லு" என்று கேளுங்கள். எந்த வயதில் எந்த வேலைக்குப் போனீர்கள், எந்தத் தோளில் சுமந்தீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். "வலிக்குதா?" என்று கேட்டால் "பரவாயில்ல டாக்டர்" வேண்டாம். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். விரல் தப்பான இடத்தில் இருந்தால் கையைப் பிடித்து நகர்த்தி வையுங்கள்.


உங்கள் கிளினிக் மருத்துவர்,
கோலசிலாங்கூர்